மூன்றாவது ஜன்னலடிச் சுருள்

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அப்பா முதலில் செருப்பைக் கழற்றுவார். பிறகு வலது காலின் பெருவிரலை மட்டும் முன்னால் நீட்டித் தரையை ஒரு தேய் தேய்ப்பார். குளத்தில் இறங்குமுன் தண்ணீர் குளிர்கிறதா என்று பார்ப்பவரைப் போல இருக்கும். வங்கியில் செய்வார், மருந்துக் கடையில் செய்வார், துக்க வீட்டில்கூடச் செய்வார். தேய்த்துவிட்டு லேசாகத் தலையாட்டுவார், இல்லையென்றால் உதட்டைப் பிதுக்குவார். அதன் பிறகுதான் அங்கே இருக்கும் மனிதர்களை நிமிர்ந்து பார்ப்பார்.

மகளைப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று தலைமை ஆசிரியை "உட்காருங்க" என்று சொன்னது அவர் காதில் விழவேயில்லை. பெருவிரல் மேசைக்கு அடியில் ஒரு விரிசலின் ஓரமாகவே போய்க்கொண்டிருந்தது. மகள்தான் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இந்த மனுஷன் யார் முகத்தையும் பார்த்து நான் பார்த்ததில்ல," என்பாள் அம்மா. "என்னை முதமுதல்ல பார்த்தப்பகூடக் குனிஞ்ச தலை நிமிரல. ஆளு நல்ல கூச்ச சுபாவம்னு எங்க வீட்டுல ஒரே சந்தோஷம். அப்புறம்தான் தெரிஞ்சுது, எங்க தரையில பள்ளம் தேடியிருக்கார்."

"இருந்துச்சே," என்பார் அப்பா, சோற்றிலிருந்து கண்ணை எடுக்காமல்.

தரைக்குப் பாலிஷ் போடுவது அவர் தொழில். மேஸ்திரி கல்லைப் பதித்துவிட்டுப் போன பிறகு இவர் போவார். அப்போது தரையைப் பார்க்கச் சகிக்காது. மேலெல்லாம் சிமென்ட் படிந்து, மூலைகள் தூக்கிக்கொண்டு, சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். அப்பா மெஷினை இறக்குவார். கனமான மெஷின் அது. இரண்டு கைப்பிடி, அடியில் சுழலும் தட்டு, தட்டில் செருகிய சாணைக்கற்கள். தண்ணீர் விட்டுக்கொண்டே ஓட்டவேண்டும். முதலில் முரட்டுக் கல், அடுத்து கொஞ்சம் நைசானது, அதற்கடுத்து இன்னும் நைசானது என்று போகும். பின்னால் வரும் கல்லுக்கு முன்னால் போன கல்லின் கீறலை அழிப்பதுதான் வேலை. தேய்ந்த கல் தண்ணீரில் கரைந்து பாலாக ஓடும். அம்மாவின் தம்பி, மகளுக்குத் தாய்மாமா, ரப்பர் கட்டையால் அந்தப் பாலை வாசலுக்குத் தள்ளிக்கொண்டே இருப்பார். அவர் கை நின்றாலும் வாய் நிற்காது.

சாயங்காலம் வீடு திரும்பும் அப்பாவின் புருவம், தலைமுடி, காது மடல் எல்லாம் வெளுத்திருக்கும். "கிழவர் வந்துட்டார்" என்று அம்மா வெந்நீர் எடுத்து வைப்பாள். குளித்துவிட்டு வெளியே வரும்போது முடி கறுத்து, முகம் இளசாகியிருக்கும். ஓர் ஆள் தினமும் மாலையில் கிழவராகி, குளியலறைக்குள் போய் மறுபடி வாலிபனாவது உலகத்தில் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம் என்றுதான் மகள் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அவர் பளபளக்க வைத்த வீடுகளில் ஆட்கள் குடிவந்த பிறகு அவர் கால் பட்டதில்லை. வேலை முடிந்ததும் பின்வாசல் வழியாக மெஷினை இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். முன்வாசலின் சாவியே அவர் கையில் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். தெருக்கோடியில், சைக்கிள் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் இருந்த ஜெபக்கூடம் அது. கூட்டம் நடக்கும் நாட்களில் எல்லோருக்கும் முன்னால் போய்த் திறப்பார். ஜன்னல்களைத் தள்ளிவிட்டுப் பாய்களை விரிப்பார். அங்கே வாய்விட்டு ஜெபிக்கிற ஆட்கள் உண்டு, கண்ணீர் விடுகிற ஆட்கள் உண்டு. அப்பா கடைசி வரிசையில் சுவரோடு சுவராக மண்டியிட்டிருப்பார். உதடுகூட அசையாது. ஆனால் அந்தப் பித்தளைச் சாவி இடுப்புக் கயிற்றில் எப்போதும் தொங்கும். குளிக்கும்போதுகூட அவிழ்க்கமாட்டார்.

கூடத்தின் பழைய சிமென்ட் தரையைப் பெயர்த்துவிட்டு, சாம்பல் நிறக் கல் பதித்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு விடுமுறை நாளில் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாவது ஜன்னலுக்குக் கீழே அப்பா மெஷினை நிறுத்திவிட்டு ஒரு வாளித் தண்ணீரை வீசி ஊற்றினார். பால் விலகி ஓடியது. அது போன இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, கல்லுக்குள் ஏதோ சுருண்டு படுத்திருந்தது. வெளிவட்டம் பெரிதாகத் தொடங்கி, உள்ளே போகப்போகச் சிறுத்து, நடுவில் ஒரு புள்ளியாக முடிந்தது. வட்டம் நெடுக மெல்லிய வரிகள். யாரோ மிகப் பொறுமையாக உட்கார்ந்து வரைந்ததைப் போல இருந்தது.

"அப்பா, இது என்ன?"

"மச்சம்."

கல்லில் தெரியும் எந்தக் கறைக்கும் கோட்டுக்கும் அவர் வைத்திருந்த பெயர் அது. வழக்கமாக அதைச் சுரண்டி, கல்லின் நிறத்திலேயே பசை குழைத்து அடைத்துவிடுவார். வீட்டுக்காரர்களுக்கு மச்சம் பிடிக்காது.

மாமா குனிந்து பார்த்தார். "நத்தை, மச்சான். வழி தெரியாம உள்ள மாட்டிக்கிட்டிருக்கு."

அப்பா சிரிக்கவில்லை. ஈரத்திலேயே மண்டியிட்டு, பெருவிரலுக்குப் பதிலாக இந்தத் தடவை சுட்டுவிரலால் வெளிவட்டத்திலிருந்து உள்வட்டம்வரை போனார். பசை டப்பாவைத் திறக்கவேயில்லை.

அப்படித்தான் அந்தச் சுருள் கூடத்தில் தங்கிவிட்டது. பிள்ளைகள் உட்காரும் இடம் மூன்றாவது ஜன்னலடி. நீண்ட ஜெபங்களின்போது அவள் அதன்மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். கல் குளிர்ந்திருக்கும். பெரியவர்களின் குரல்கள் தூரத்தில் அலை மாதிரி எழுந்து அடங்கும். கூடம் முழுக்கத் தண்ணீர் ஏறிவிட்டதாக, பாய்களும் செருப்புகளும் மிதப்பதாக, ஜன்னல் வெளிச்சம் மேலே எங்கோ நெளிவதாகத் தோன்றும். "ஆமென்" என்று எல்லோரும் சேர்ந்து சொல்லும்போது தண்ணீர் வடிந்துவிடும்.

போதகருக்கும் அது பிடித்துப்போயிற்று. நல்ல குரலும் நொண்டும் முழங்காலும் உள்ள மனிதர். "ஆண்டவர் இந்தக் கல்லை உண்டாக்கிட்டு, ஈரம் காயுறதுக்குள்ள விரலை வெச்சுப் பார்த்திருக்கார்," என்று ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அன்றைக்கு அப்பா தலை குனிந்து, காது சிவந்து உட்கார்ந்திருந்தார். கல்லைத் தானே உண்டாக்கியதுபோல.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள் அவள்தான். விலங்கியல் எடுத்தாள். முதல் வருஷத்தில் ஒரு மதியம், ஆய்வுக்கூடத்தின் கண்ணாடி அலமாரியில், தவளை எலும்புக்கும் பாடம் செய்த வௌவாலுக்கும் நடுவில் அவள் அதைப் பார்த்தாள். அதே சுருள், அதே வரிகள். ஆனால் இது தனியாக, கையில் எடுக்கிற மாதிரி, கல்லாகவே இருந்தது. ஓட்டுக்குள் வாழ்ந்து கடலில் நீந்திய பிராணி என்றார் பேராசிரியை. கணவாய் மீனுக்குத் தூரத்து உறவாம். இத்தனை கோடி வருஷம் முன்னால் என்று ஒரு கணக்கையும் சொல்லிவிட்டு, வருகைப் பதிவு எடுக்கப் போய்விட்டார்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவள் ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டே வந்தாள். முதல் மனிதனிலிருந்து இன்றுவரை எத்தனை தலைமுறை என்று போதகர் எண்ணிச் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கு சில ஆயிரம் வருஷங்களில் முடிந்துவிடும். அது தப்பென்று அன்றைக்கு அவளுக்குத் தோன்றவில்லை, சரியென்றும் தோன்றவில்லை. இரண்டு கணக்குகளும், ஒரே வீட்டுக்கு வந்து ஒன்றோடொன்று பேசாமல் உட்கார்ந்திருக்கும் சம்பந்திகளைப் போல அவளுக்குள் உட்கார்ந்துகொண்டன.

விடுமுறைகளில் கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையும் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. ஒருநாள் ஒரு சிறுமி சுருளின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, இத யார் வரைஞ்சா?"

ஆண்டவரின் விரல் என்ற வழக்கமான பதில் நுனிநாக்கில் இருந்தது. ஏனோ அது வரவில்லை.

"யாரும் வரையல. இது உயிரோட இருந்துச்சு. கடல்ல நீந்திட்டிருந்துச்சு. அப்போ மனுஷங்களே கிடையாது."

"ஆதி மனுஷன்கூடவா?"

"அவரும் இல்ல."

"அவர்தானே எல்லா மிருகத்துக்கும் பேர் வெச்சாரு. அப்போ இதுக்கு யார் பேர் வெச்சா?"

அவள் சிரித்துவிட்டாள். சிறுமியோ விடுகிற ஜாதியில்லை. வீட்டுக்குப் போய்த் தன் அப்பாவிடம் கேட்டது, தன் அம்மாவிடம் கேட்டது, அடுத்த கூட்டத்தில் போதகரிடமே கேட்டது.

போதகர் வீட்டுக்கு வந்தார். ஊரிலுள்ள தரையெல்லாம் மினுக்கும் ஆளின் வீட்டில் சொரசொரத்த சிமென்ட் தரைதான். "எங்க தரைக்கு முறை வர்றதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்" என்று அம்மா யார் வந்தாலும் சொல்லிவிடுவாள், போதகரிடமும் சொன்னாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா எதிரே ஸ்டூலின் நுனியில் உட்கார்ந்தார்.

"பரீட்சையில என்ன எழுதணுமோ எழுதும்மா. நான் படிக்காதேன்னு சொல்ற ஆளில்ல. சின்னதுங்ககிட்ட எதுக்குச் சொன்னே?"

"கேட்டாங்க ஐயா."

"பெருவெள்ளத்துல அடிச்சிட்டு வந்து ஒதுங்கினதுன்னு சொல்லியிருக்கலாமே. அதுவும் தண்ணிதானே?"

"ஒதுங்கியிருந்தா மேலதானே ஐயா கிடக்கும். இது கல்லுக்குள்ள இருக்கு. சேறு மேல சேறா படிஞ்சு, அது கல்லாகி..."

"எவ்வளவு காலம் ஆகும் அதுக்கு?"

சொன்னாள். சொல்லும்போது குரல் தானாகத் தாழ்ந்தது.

போதகர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவ்வளவு காலம் நம்ம யாருமே இல்லாம ஆண்டவர் தனியா என்னம்மா பண்ணிட்டிருந்தார்?"

"தெரியல ஐயா."

"எனக்குக் கேட்கவே பயமா இருக்கு. வேதத்தோட முதல் பக்கம் வெறும் கதைன்னு வெச்சுக்கோ. என் வீட்டுக்காரிய மண்ணுல வெச்சப்போ நான் படிச்சனே கடைசிப் பக்கம், அதையும் நீ ஒருநாள் கதைன்னு சொல்லுவே. அப்போ நான் அவளை எங்க போய்த் தேடறது?"

அவர் சொல்கிற மாதிரி இல்லை என்று சொல்லவேண்டும், ஒரு பக்கம் கழன்றால் புத்தகமே கழன்றுவிடாது என்று சொல்லவேண்டும். ஆனால் அது உண்மையா என்று அவளுக்கே நிச்சயமில்லை. ராத்திரிகளில் அவளும் அதே பயத்தோடுதான் படுத்திருந்தாள்.

"பெரியவங்க கூடிப் பேசிட்டாங்க," என்றார் போதகர், அப்பாவைப் பார்த்து. "வர்ற கூட்டத்துல பாப்பா எழுந்து, பிள்ளைங்க முன்னால, நான் சொன்னது தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. இல்லேன்னா சாவியத் திருப்பி வாங்கிக்கச் சொல்றாங்க. என் வார்த்தை இல்ல தம்பி இது."

அப்பாவின் பெருவிரல் ஸ்டூலுக்கு அடியில் சிமென்டைத் தேய்த்துக்கொண்டிருந்தது. "கூடத்துத் தரையில கீறல் நெறைய விழுந்திருக்குங்க ஐயா," என்றார். "கூட்டத்துக்கு முன்னால ஒரு தடவை ஓட்டிடறேன்."

அவ்வளவுதான் பேசினார்.

போதகர் போனதும் வீடு சூடுபிடித்தது. "ஒரு நத்தைக்காக இவ்வளவு பேச்சா?" என்றாள் அம்மா. "செத்து எத்தனையோ காலமாச்சுங்கிறே, இன்னும் அது ஊர்ந்துக்கிட்டே இருக்கு பாரு, நம்ம வீடுவரைக்கும் வந்துடுச்சு. தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாய் வெந்துடுமா?"

மாமா பேச்சை மாற்றப் பார்த்தார். "அக்கா, நம்மெல்லாம் குரங்குலேர்ந்து வந்தோமாம், இவ காலேஜ்ல சொல்லிக்குடுக்கறாங்க."

"உன்னைத் தூக்கி வளர்த்தவ நான். எனக்கு எந்தக் காலேஜும் சொல்லவேண்டாம்."

மறுநாள் மதியம் அவளே சாப்பாடு எடுத்துக்கொண்டு அப்பா வேலை செய்த இடத்துக்குப் போனாள். யாரும் குடிவராத புது வீடு அது. கதவுகளுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை. மாமா சாப்பிட்டுவிட்டு மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். பாதித் தரை முடிந்திருந்தது. முடிந்த பாதியில் ஜன்னலும் வானமும் தலைகீழாகக் கிடந்தன. இருவரும் முடியாத பாதியில் உட்கார்ந்து, தண்ணீரின் கரையில் உட்கார்ந்தவர்களைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அது தனியா இருந்துச்சா, கூட்டமா இருந்துச்சா?" என்றார் அப்பா திடீரென்று.

எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. "கூட்டமாத்தான் இருந்திருக்கும்ப்பா."

"கண்ணு உண்டா அதுக்கு?"

"உண்டு."

"அப்போ எதையாவது பார்த்திருக்கும்." ஒரு கவளத்தை உருட்டி உருட்டி, வாயில் போடாமலே கேட்டார். "சாகும்போது வலிச்சிருக்குமா?"

"தெரியலப்பா. புத்தகத்துல அதெல்லாம் போடமாட்டாங்க."

அப்பா தலையாட்டினார். புத்தகத்தின்மேல் அவருக்குக் குறையொன்றும் இல்லை என்பதுபோல.

"நீங்க எத நம்பறீங்கப்பா? ஐயா சொல்றதா, நான் சொல்றதா?"

அவர் முடிந்த தரையையே பார்த்தார். ஒரு பறவை அதற்குள் குறுக்கே போயிற்று.

"நான் என்ன சொல்லட்டும் கூட்டத்துல? அதையாவது சொல்லுங்க."

"எனக்குத் தெரியலம்மா. சாவி என்ன சாவி, பித்தளைதானே. கேட்டா குடுத்துடலாம்." சொல்லிக்கொண்டே இடது கையால் இடுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். தொட்டது அவருக்கே தெரிந்திருக்காது.

கூட்டத்துக்கு முந்தின நாள் அப்பாவும் மாமாவும் கூடத்துத் தரையை ஓட்டினார்கள். அவள் வீட்டில் இருந்தாள். இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தாள். 'நான் சொன்னது தப்பு' என்று கண்ணாடி முன்னால் நின்று சொன்னபோது யாரோ குழந்தை பேசுவதுபோல இருந்தது. 'நான் சொன்னது சரி' என்று சொன்னபோது அப்பாவின் இடுப்பில் வெறும் கயிறு தெரிந்தது. எதை எடுத்துக்கொண்டு தூங்கப் போனாள் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வந்ததில்லை.

மறுநாள் காலை கூடத்தின் வாசலில் எல்லோரும் ஒரு கணம் தயங்கினார்கள். தரை அப்படி இருந்தது. கால் வைத்தால் நனைந்துவிடும் போலிருந்தது. பெண்கள் புடவையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டே உள்ளே வந்தார்கள். ஆறு ஜன்னல்களும் தரைக்குள் இறங்கி நின்றன. பிள்ளைகள் மூன்றாவது ஜன்னலடிக்கு ஓடினார்கள், அங்கே போய்க் குனிந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுருள் அங்கே இல்லை.

அவள் போய் மண்டியிட்டாள். சாம்பல் நிறக் கல், மற்ற கற்களைப் போலவே மின்னியது. உற்றுப் பார்த்தால், நகம் வெட்டி எறிந்த துண்டு அளவுக்கு ஒரு வெளிர்க்கோடு இருந்தது. கல்லின் மேல்தோலில்தான் அது இத்தனை நாளும் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. தோல் தேய்ந்ததும் கரைந்து பாலோடு போய்விட்டது.

போதகரும் வந்து பார்த்தார். குனிய முடியாமல் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் நின்றார். யாரோ விடைபெறாமல் போய்விட்டதைக் கேள்விப்பட்டவரின் முகம் அது. கடைசி வரிசையைத் திரும்பிப் பார்த்தார். அப்பா சுவரோரமாக மண்டியிட்டிருந்தார், கண்கள் மூடியிருந்தன. கூட்டம் தொடங்கியது, பாட்டு வந்தது, ஜெபம் வந்தது. அவளை எழுந்திருக்கும்படி யாரும் சொல்லவில்லை. இல்லாத ஒன்றைப் பற்றி எழுந்து பேசச் சொல்வதற்குப் பெரியவர்களுக்கே சங்கடமாக இருந்திருக்கும். கேள்வி கேட்ட சிறுமி மட்டும் ஜெபம் முழுக்க அந்தக் கல்லை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தது.

சாவி அப்பாவிடமே தங்கியது.

வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. அப்பா குளித்துவிட்டு வரும்வரை குளியலறை வாசலிலேயே நின்றாள்.

"எப்படிப்பா போச்சு?"

"அது மேல குறுக்கால ஒரு ஆழமான கீறல். பெஞ்சு இழுத்திருக்காங்க போல. முரட்டுக் கல் போட்டாத்தான் போகும். கீறல் போனா சுருள் இன்னும் தெளிவா வரும்னு நெனச்சேன்."

"நெனச்சு?"

"போயிடுச்சு."

"உங்களுக்கா தெரியாது, கல் எவ்வளவு இறங்கும்னு? இத்தனை வருஷத்துல எந்த வீட்டுலயாவது இப்படி ஆகியிருக்கா?"

அவர் துண்டால் காதைத் துடைத்துக்கொண்டே நின்றார். ஒரு காதையே துடைத்தார்.

மாமாவைப் பிடித்துக் கேட்டாள். அவருக்கு அன்று வேடிக்கைப் பேச்சு வரவில்லை. "கீறல் இருந்துச்சு, அது நிஜம். நானே பார்த்தேன். ஆனா அந்த இடம் வந்ததும் என்னைப் போய் டீ குடிச்சிட்டு வான்னு அனுப்பிட்டார். மெஷின் ஓடறப்போ என்னை அனுப்பற மனுஷன் இல்ல அவர். நான் திரும்பி வரும்போது மெஷின் நின்னுடுச்சு. இவர் பக்கத்துல சேத்துல உக்காந்திருக்கார். முகமெல்லாம் பால். அழுதாரா, தண்ணி தெறிச்சுதா, எனக்கு ஒண்ணும் புரியல பாப்பா."

அவள் மறுபடி அப்பாவிடம் போனாள். இந்தத் தடவை கோபமில்லாமல் கேட்டாள்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா? எனக்காகவா, சாவிக்காகவா, ஐயாவுக்காகவா? இல்ல, கை தவறிடுச்சா? எதுவா இருந்தாலும் சரி. சொல்லுங்க."

அப்பா அன்று அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அதுவே அபூர்வம்.

"சொல்றேன். உனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப்போறேன்? நீ பட்டம் வாங்கு. வாங்கின அன்னைக்குச் சொல்றேன்."

பெரிதாக ஏதோ தருவதாக வாக்குக் கொடுக்கிற குரல் அது. அவளுடைய சின்ன வயதில், சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னதும் இதே குரலில்தான். அந்தச் சைக்கிள் வந்து சேர்ந்தது. அதனால் அவள் காத்திருந்தாள்.

காத்திருந்த நாட்களில் அவள் கோபம் மெல்ல மெல்ல வேறொரு பக்கம் திரும்பியது. சுருள் போனதற்காக மட்டும் அவள் கோபப்படவில்லை. எழுந்து நின்றிருந்தால் தன் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது. தான் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துகொள்ளக் கிடைத்த ஒரு காலைப்பொழுதையும் அந்த மெஷின் சேர்த்துத் தேய்த்துவிட்டது. சில சமயம் அதற்காக அப்பாவை வெறுத்தாள். சில சமயம், பேருந்தில் கண்ணயரும்போது, தன்னைக் காப்பாற்றிவிட்டார் என்று ஒரு நிம்மதி வந்து போகும். விழித்ததும் அந்த நிம்மதியை நினைத்துக் கூச்சப்படுவாள். கூடத்துக்குப் போவதை அவள் நிறுத்தவில்லை. கண்ணை மூடினால் தண்ணீர் மட்டும் முன்போலவே ஏறியது.

பட்டம் வாங்கிய அன்று அப்பா சலவைச் சட்டையில் வந்தார். கல்லூரி மண்டபத்தில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெருவிரலைத் தேய்த்தார், தலையாட்டினார். அவள் அவரை ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துப் போய், அனுமதி கேட்டு அலமாரியைத் திறந்து, அந்தக் கல்லை அவர் கையில் வைத்தாள். இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். கூட்டில் இருந்து விழுந்த குஞ்சை ஏந்துகிற மாதிரி.

"கனமா இருக்கு," என்றார். பிறகு, "நம்ம கூடத்துல இருந்தது இதவிட அழகு, இல்ல?"

"ஆமாப்பா."

அவர் உதடு ஏதோ சொல்லத் தொடங்கியது. அப்போது அம்மா வாசலில் வந்து நின்றாள். "அங்க எல்லாரையும் படம் எடுக்கறாங்க, அப்பாவும் பொண்ணும் இங்க செத்த வௌவாலப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்க." அப்பா கல்லை அலமாரியில் வைத்தார். பிறகு சொல்கிறேன் என்று கையைக் காட்டினார்.

கல்தூசி அவர் நெஞ்சில் எப்போதோ குடிவந்திருந்தது. அடுத்த மழைக்காலத்தில் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. மருத்துவமனையில், கட்டில் உயரமாக இருந்ததால் அவர் கால் தரைக்கு எட்டவில்லை. ஒரு மாலை அவள் போனபோது வலது காலைப் போர்வைக்கு வெளியே விட்டு, பெருவிரலை நீட்டித் துழாவிக்கொண்டிருந்தார்.

"இந்தத் தரை யார் போட்டது? பார்க்க நல்லா இருக்கு. கிட்டப் போக விடமாட்டேங்கறாங்க."

அவள் சிரித்துவிட்டுக் காலை உள்ளே எடுத்து விட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"உனக்கு ஒண்ணு பாக்கி வெச்சிருக்கேன்."

"தெரியும்ப்பா. மூச்சு வாங்குது, இப்போ பேசாதீங்க. வீட்டுக்கு வந்து சொல்லுங்க."

அவர் சரியென்று தலையாட்டினார். விடிவதற்குள் போய்விட்டார். அடக்கத்தின்போது போதகர் கடைசிப் பக்கத்தைத்தான் படித்தார். படிக்கும்போது நடுவில் நிமிர்ந்து ஒருமுறை அவளைப் பார்த்தார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த நேரத்துக்கு அவளும் அதை முழுவதுமாக நம்பினாள்.

சாவியை இப்போது மாமா வைத்திருக்கிறார். கூட்ட நாட்களில் அவள் சீக்கிரமே போய்விடுவாள். பாய் விரிக்குமுன் கூடம் காலியாக இருக்கும். ஒரு காலையில் மழை ஜன்னல் வழியாக அடித்திருந்தது. தரையெங்கும் துடைத்தாகிவிட்டது. மூன்றாவது ஜன்னலடியில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் போகாமல் நின்றுகொண்டிருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வந்த காலை நீட்டினாள். பெருவிரலுக்குத் தெரிந்தது, அங்கே ஒரு பள்ளம். கண்ணுக்குத் தெரியாத, ஆனால் விரல் தப்பவிடாத பள்ளம். அடுத்தவர் வீட்டுத் தரையிலெல்லாம் பள்ளம் தேடிய மனிதர், தன் வாழ்நாளில் விட்டுவைத்தது அது ஒன்றாகத்தான் இருக்கும். மெஷின் ஒரே இடத்தில் வெகுநேரம் நின்று சுழன்றிருந்தால்தான் அப்படி விழும்.

வேண்டுமென்றே அழிக்கிறவனும் நின்றிருப்பான். கரைந்து போகிறதே, இன்னும் ஒரு சுற்று ஓட்டினால் திரும்ப வந்துவிடாதா என்று பதறுகிறவனும் நின்றிருப்பான். அப்பாவின் குரலில் இரண்டையும் சொல்லிப் பார்த்தாள். இரண்டும் அவர் சொல்வது போலவே இருந்தன.

உள்ளங்கை அளவுத் தண்ணீரில் ஜன்னலும் ஒரு துண்டு வானமும் ஆடிக்கொண்டிருந்தன. மாமா துணியோடு வந்து, "துடைச்சுடவா பாப்பா?" என்றார்.

"இருக்கட்டும் மாமா," என்றாள்.

சொல்கிறேன் என்றவர் சொல்லவில்லை. அந்தப் பாக்கி அப்படியே நிற்கிறது.